ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் எல்லை ஊர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைபவருக்குச் சோதனைச் சாவடியைத் தவிர எல்லையைக் காட்ட அங்கே வேறு எதுவும் இல்லை. தென்னந்தோப்பு விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பேசுவதும் கொங்குத் தமிழ்தான். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசின் கீழ் இருந்தது. 1956-இல் கேரளம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. ஆனாலும் அதன் கிழக்கு ஓரத்து எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில் வீட்டுமொழி தமிழாகவே இருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் நடக்கிறது. மண்ணும் நம்முடையதைப் போன்ற கரிசல் மண். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் செம்மண் மேடும் அடைமழையும் இங்கே கிடையாது. மாநிலத்தின் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் என்றால், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் இந்த ஊர்களில் அதில் பாதியும் பெய்வதில்லை.

மாசி மாதத் தொடக்கத்தில், இரண்டாம் போக நெல் அறுவடைக்கு வந்திருந்த சமயத்தில், இந்த ஊர்களைப் பார்த்துவரப் புறப்பட்டேன். ஒரே மண்ணையும் ஒரே மழையையும் உழுகிற மக்களின் நடுவே ஒரு மாநில எல்லை விழுந்தால், அரை நூற்றாண்டில் விவசாயம் எப்படிப் பிரியும் என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். மண்ணைக் காட்டிலும் சட்டமும் தண்ணீர் ஒப்பந்தமும் கூலியும்தான் ஒரு வயலில் என்ன விளையும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்று நான் நம்பிவந்தேன். போய்ப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை வலுத்தது.

வேற்றுமை முதலில் கண்ணில் படுவது தென்னை மரத்தில். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அவற்றுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறங்குவது. இங்கிருந்து வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. எருத்தேம்பதிக்கு அருகே ஒரு தோப்பில் மரமேறி ஒருவர் வேலை செய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரியாத பாளையை அவிழாதபடி இறுகக் கட்டுகிறார். நுனியை வளைந்த கத்தியால் வெற்றிலைக் கனத்துக்கு ஒரு வில்லை சீவுகிறார். பிறகு எலும்புத் துண்டு ஒன்றால் பாளையைச் சுற்றிலும் வலிக்காமல் தட்டுவதுபோல் தட்டுகிறார். சில நாள் இப்படிச் செய்த பிறகே கள் சுரக்கத் தொடங்கும். சுரக்கத் தொடங்கிய மரத்தில் காலையும் மாலையும் கள் இறக்க ஏறுகிறார். நடுப்பகலில் சீவுவதற்கென்றே இன்னொரு முறை ஏறுகிறார். ஒரு நாள் ஏறாவிட்டாலும் பாளை காய்ந்துபோகும் என்றார். இவ்வளவு உழைப்பும் ஆபத்தும் உள்ள இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்கென்று 1969-லேயே கேரளத்தில் நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே வேலையை ஒருவர் செய்தால் அது குற்றம்.

இதனால் என்ன மாற்றம் என்பதைத் தோப்புக்காரரிடமே கேட்டேன். தேங்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும், கள்ளுக்கு விட்ட மரத்துக்கு வாடகை வந்துவிடுகிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 2016-இல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட பிறகு எல்லையின் இருபுறமும் ஓலைகள் கருத்தன; கேரளத்தின் தென்பகுதியில் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் வேர்வாடல் நோயும் இப்போது பொள்ளாச்சித் தோப்புகள்வரை வந்துவிட்டது. காய்ப்பு குறையும் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. பொள்ளாச்சிக்காரருக்குக் கள் என்ற அந்த வழி இல்லை; காயையும் கொப்பரையையும் தேங்காய்த் தொட்டியையும் நாரையும்தான் பெரிதும் நம்ப வேண்டும். கள்ளைப் பற்றிய அறவாதம் எதுவாக இருந்தாலும், நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு உறவினர்களின் வருமானம் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு மரமோ மண்ணோ காரணம் இல்லை என்பதை நேரில் பார்த்தவர் மறுக்க முடியாது.

அடுத்தது தண்ணீர். சித்தூர்ப் புழை என்று இங்கே அழைக்கப்படும் ஆறு ஆழியாற்றின் தொடர்ச்சி. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக இரு மாநிலங்களும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து சித்தூர்ப் பகுதிக்கு விடப்பட வேண்டும். முப்பதாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் இடம் இருந்தும், 1988-இல் வந்திருக்க வேண்டிய அந்தத் திருத்தம் இன்றுவரை வரவில்லை. மணக்கடவில் அளந்த தண்ணீர் மூலத்தரைத் தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிகிறது. எல்லை ஊர் மக்கள் 7.25 என்ற எண்ணைத் தங்கள் வீட்டு எண்ணைப்போல் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் இந்தப் பதினைந்து நாளுக்கு எத்தனை கன அடி என்பதுதான் பேச்சு.

"தண்ணி வர்ற தேதி பாத்துத்தானுங்க நாத்து விடறோம். மழைய நம்பி நாத்து விட்ட காலமெல்லாம் எங்கப்பாவோட போச்சுங்க," என்றார் பெருமாட்டி ஊராட்சியில் நான் சந்தித்த பாடசேகர சமிதிப் பொறுப்பாளர். பாடசேகரம் என்பது அடுத்தடுத்துள்ள நெல்வயல்களின் தொகுதி; அவற்றின் உரிமையாளர்கள் சேர்ந்து அமைக்கும் குழுதான் சமிதி. ஒரே சமயத்தில் உழுவது, ஒரே சமயத்தில் தண்ணீர் வாங்குவது, அறுவடை இயந்திரத்தை மொத்தமாகப் பேசுவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ரப்பரும் தென்னையும் வீட்டுமனையும் விழுங்கியது போக மிஞ்சியதைக் காக்கத்தான் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த மிச்சத்தில் பெரும்பங்கைப் பாலக்காடும் குட்டநாடும் சுமக்கின்றன. பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1974-இல் வந்த 'ஜோதி' ரகத்தை இங்கே இன்னும் விரும்பிப் பயிரிடுகிறார்கள். சிவந்த அரிசிக்கு வீட்டிலும் சந்தையிலும் மதிப்பு இருக்கிறது.

கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஊர்களின் கதை வேறு. வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் பல தோட்டங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பியே காலம் தள்ளின. ஒரு காலத்தில் கடலையும் கம்பும் கரும்பும் விளைந்த காடுகளில் இன்று பெரும்பாலும் தென்னைதான். மேனோன்பாறையில் கரும்பை வாங்கிக்கொண்டிருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்ட பிறகு கரும்பும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மூலத்தரை வலதுகரைக் கால்வாயைக் கோரையாறு, வரட்டாறு வரை நீட்டும் பணியைத்தான் இந்த ஊர்கள் பெரிதும் எதிர்பார்க்கின்றன.

அறுவடை நடந்த வயலில் கூலியாட்கள் என்று சொல்லத்தக்கவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த செயின் வண்டி ஒன்று முழுவேகத்தில் அறுத்துக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் வரப்போரம் இயந்திரம் எட்டாத கதிர்களை அரிவாளால் அறுத்து அதன் பாதையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டியவர் சேலம் பக்கத்துக்காரர். தஞ்சையில் அறுத்து முடித்து இங்கே வந்ததாகச் சொன்னார். நடவுக்கு மேற்கு வங்கத்து இளைஞர்கள் குழுவாக வந்து, ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி, விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் முடித்துவிடுகிறார்கள். பாட்டுப் பாடி நட்ட உள்ளூர்ப் பெண்கள் நூறு நாள் வேலைக்கும் பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளுக்கும் போகிறார்கள்.

இதற்கு ஆட்களின் சோம்பலைக் காரணம் சொல்லும் நிலக்காரர்களை இருபுறமும் சந்தித்தேன். அதை நான் ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2022–23-இல் கேரளத்துக் கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி சுமார் 764 ரூபாய். நாட்டுச் சராசரி சுமார் 345 ரூபாய். அந்தக் கூலி சங்கம் கட்டிப் போராடி வாங்கியது. ஆனால் ஆண்டில் எத்தனை நாள் அந்தக் கூலி கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. இயந்திரம் அறுவடையையும், வெளிமாநிலக் குழு நடவையும் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த ஊர்ப் பெண்ணுக்கு வயலில் மிஞ்சியது களையெடுப்பும் வரப்போரத்து அரிவாளும் மட்டுமே.

இங்கேதான் நிலச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 1970 ஜனவரி 1 அன்று கேரளத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் குத்தகை முறையையே ஒழித்தது. உழுத குத்தகைதாரர் உடைமையாளர் ஆனார். இந்தியாவில் வேறெங்கும் அரிதாகக் கண்ட மாற்றம் அது. இந்த ஊர்களில் இரண்டு தலைமுறைக் குடும்பங்களை நிமிர்ந்து நிற்க வைத்தது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் குத்தகைச் சீட்டு இல்லாமல் கூலிக்கு உழைத்தவருக்கு, குடியிருந்த குடிசையைச் சுற்றி, ஊராட்சிப் பகுதி என்றால் 10 சென்ட் மட்டுமே கிடைத்தது. எல்லை ஊர்களில் எரவாளர் பழங்குடியினரும் அருந்ததியரும் பெரும்பாலும் அந்தக் கூலிக்காரர் வரிசையில் இருந்தார்கள். "பத்து சென்ட்ல வீடு கட்டலாமுங்க, வெள்ளாமை பண்ண முடியுமுங்களா? இப்ப அதுலயே மூணு வீடு," என்றார் ஓர் எரவாளர் மூதாட்டி.

அவர் வசிப்பது பிளாச்சிமடைக்குப் பக்கத்தில். 2000-இல் அங்கே கோகோ கோலா குளிர்பான ஆலை தொடங்கி, சில மாதங்களில் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றவும் தண்ணீர் கெடவும் தொடங்கியபோது, 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டப் பந்தலில் முதலில் உட்கார்ந்தவர்கள் இந்த எரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள்தான். அவர்களில் மயிலம்மாவின் பெயரை நாடே அறியும். 2004-இல் ஆலை நின்றது. பாதிப்பு 216.26 கோடி ரூபாய் என்று 2010-இல் உயர்நிலைக் குழு கணித்தது; இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. இந்தப் போராட்டத்தைத் தண்ணீருக்கான போராட்டம் என்று மட்டும் எழுதுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. சொந்த வயல் உள்ளவருக்கு ஆழ்குழாயைக் கூடுதலாக இறக்கவாவது வழியுண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றை மட்டுமே நம்பி, 10 சென்டில் குடியிருந்து, பக்கத்து வயலில் கூலி வேலை செய்தவருக்குக் கிணறு வற்றியதும் வீடு, வேலை, குடிநீர் மூன்றும் ஒன்றாகப் போயின.

முதலமடைக்குப் போனபோது மாங்காய்ப் பருவம் தொடங்கியிருந்தது. நாட்டிலேயே முதலில், மார்கழி–தை மாதங்களிலேயே காய் வருவதால் வடமாநிலச் சந்தைகளிலும் வளைகுடாவிலும் இதற்கு நல்ல விலை. தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் பூப்பதை முன்னிழுக்க மருந்து ஊற்றுவதும், பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் பற்றி ஊர்க்காரர்கள் கவலையோடு பேசினார்கள். மருந்து அடிப்பவர்களும் நிலமில்லாதவர்களே.

கொல்லங்கோட்டுச் சாலையோரம் ஒரு வயலில் பாகலும் பயறும் படர்ந்திருந்தன. கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்கள் ஐவர் குத்தகைக்கு எடுத்து விளைவிக்கும் வயல் அது. பந்தல் கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் குத்தகைப் பத்திரம் உண்டா என்று கேட்டேன். வாய்ப்பேச்சுதான் என்றார். நிலக்காரர் நல்லவர், ஆனால் கையெழுத்து மட்டும் போட மாட்டார். காரணம் எளிது: 1970-இல் குத்தகைதாரருக்கு நிலம் போன நினைவு இங்கே எந்த நிலக்காரர் வீட்டிலும் மங்கவில்லை, குத்தகைக்கு விடுவதையே சட்டம் இன்றும் தடுக்கிறது. அன்று உழுதவரை உடைமையாளர் ஆக்கிய அதே சட்டத்தால், இன்று உழுகிறவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. வெள்ளம் வந்தால் இழப்பீட்டுக்கும், வங்கியில் பயிர்க்கடனுக்கும், காப்பீட்டுக்கும் பெரும்பாலும் நிலக்காரரின் தயவைத்தான் அவர் நாட வேண்டியிருக்கிறது. முந்தைய ஆண்டு காற்றில் பந்தல் விழுந்தபோது நிவாரணம் கேட்டு வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போனதையும், நிலவரி ரசீது யார் பெயரில் என்று கேட்டதும் திரும்பி வந்ததையும் சொன்னார்.

இதற்கு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆந்திரத்தில் 2011-இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் வந்தது. நில உரிமையைத் தொடாமல், பயிரிடுபவருக்குக் கடன் தகுதி அட்டை கொடுக்க அது வழிசெய்தது. 2019-இல் அதற்கு மாற்றாக வந்த சட்டம் 11 மாத ஒப்பந்தத்தை முன்வைத்தது. நிலக்காரர்கள் கையெழுத்திடத் தயங்கியதால் இரண்டும் பலருக்கு எட்டாமல் போயின என்பதும் உண்மை. ஆனாலும் உழுகிறவர் பெயரைப் பதிவில் ஏற்ற ஒரு வடிவம் அங்கே இருக்கிறது. பாடசேகரத்தின் ஒப்புதலோடும் ஊராட்சியின் சாட்சியோடும், நிலக்காரரின் உடைமைக்குக் குந்தகமில்லாமல், ஒரு பருவத்துக்கு இன்னார் பயிரிடுகிறார் என்று கிருஷி பவனில் எழுதிவைக்கக் கேரளத்தால் முடியாதா என்ன? குழுக்களாகச் சேர்ந்து கணக்கு வைத்து விளைவிக்கும் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். கிருஷி பவன் ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்கிறது. பாகல் பந்தலில் நின்ற அந்த அம்மா இதையே அடுத்த கிராமசபையில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். தமிழில் எழுதினால் வாங்குவார்களா என்று மட்டும் கேட்டார். சித்தூர் வட்டத்தில் வாங்க வேண்டும் என்றேன்.