கல்வத்தில் பாதரசம் அரைத்தவள் சொல்கிறேன்

"அக்கா, என் பல்லுல இருக்கிற சில்வர் ஃபில்லிங்கை எடுத்துடணுமா? அதுல பாதரசம் இருக்காமே?"

சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பெண்களில் இருந்து காட்பாடியில் இருக்கும் நாத்தனார் மகள் வரை இதையேதான் கேட்கிறார்கள். ஏதோ ஒரு வீடியோ எல்லோர் போனிலும் சுற்றுகிறது. பார்த்தவர்கள் நிஜமாகவே பயந்துபோய் இருக்கிறார்கள். நான் கல்யாணமான புதிதில் இருந்து வேலூரில் பல் டாக்டர்களிடம் உதவியாளராக வேலை செய்கிறவள். அந்தப் பாதரசத்தை என் கையாலேயே அரைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பாதரசம் இருப்பது உண்மை. சில்வர் ஃபில்லிங் என்று நாம் சொல்கிற அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி, வெள்ளியும் வெள்ளீயமும் செம்பும் கலந்த தூள். இப்போதெல்லாம் இரண்டும் சின்ன கேப்ஸ்யூலில் அளந்து அடைத்தே வருகிறது. மெஷினில் வைத்துக் குலுக்கினால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்கில் அது கிடையாது. சின்ன கண்ணாடிக் கல்வத்தில் தூளைக் கொட்டி, பாட்டிலில் இருந்து பாதரசத்தை விட்டு, பளபளவென்று திரண்டு வரும்வரை குழவியால் அரைக்க வேண்டும். பிறகு துணியில் முடிந்து பிழிந்தால், அதிகப்படி பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். மோதிரத்துக்கு இருந்த அந்தக் கவனம் எங்கள் மூச்சுக்கு இருக்கவில்லை. ஏசி போட்டு ஜன்னலை மூடிய அறை. கையுறை எல்லா நாளும் கிடைக்காது. தரையில் சிந்தினால் துடைப்பத்தால் கூட்டிவிடச் சொல்வார்கள். கூட்டினால் துளிகள் இன்னும் பொடிப்பொடியாகிப் பரவும் என்று எங்கள் யாருக்கும் சொல்லித் தந்தவர் இல்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஆவிதான். திரவப் பாதரசம் தவறி வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆவியை மூச்சில் இழுத்தால் அதில் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த ஆலையின் தொழிலாளர்கள் பேசியதும் இந்த ஆவியைப் பற்றித்தான். 2001-ல் அந்த ஆலை மூடப்பட்டது. வீடியோவில் காட்டுகிற மினமாட்டா ஊர் வேறு கதை. ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மெத்தில் பாதரசம் என்கிற வேறு வடிவத்தில் மனிதர்களுக்குள் போனது. 1956-ல் அது வெளியே தெரிந்தது. அந்தப் படங்களைக் காட்டி "உங்கள் கடைவாய்ப் பல்லிலும் இதுதான் இருக்கிறது" என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, பல்லில் இறுகிப்போன அடைப்பில் இருந்து ஆவி வருமா? வரும், மிகக் கொஞ்சமாக. மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும் சற்றுக் கூடும். குழந்தைகளுக்கு இதனால் கெடுதல் உண்டா என்று அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு அமால்கமும் மறுபாதிக்கு வேறு அடைப்பும் வைத்துப் பல வருடம் கவனித்தார்கள். 2006-ல் வந்த முடிவுகளில் அறிவுத்திறனிலோ சிறுநீரகத்திலோ கெடுதல் தெரியவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் உண்மை இதுதான்.

அதனால் நல்ல நிலையில் இருக்கிற சில்வர் ஃபில்லிங்கைப் பயத்தில் பிடுங்காதீர்கள். அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் சொன்னதும் இதுவே. பல்லில் சும்மா இருப்பதைவிட, டிரில் வைத்துக் கடையும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். எங்கள் கிளினிக்குக்கு ஆம்பூரில் இருந்து ஒரு அம்மா வந்தார். வாய் நிறைய பழைய அடைப்பு, எல்லாம் கல் மாதிரி உறுதியாக இருந்தது. வேறொரு இடத்தில் மொத்தத்தையும் எடுத்துப் புதிதாக வைக்க ஒரு பேக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

எடுக்கத்தான் வேண்டும் என்கிற சந்தர்ப்பங்களும் உண்டு. அடைப்பு உடைந்துவிட்டது, அடியில் சொத்தை விழுந்துவிட்டது என்றால் எடுக்கத்தான் வேண்டும். அடைப்பை ஒட்டிய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து எரிந்தால், அது அந்த உலோகத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம். டாக்டர் பார்த்து உறுதிசெய்து எடுத்தால் பலருக்கும் ஆறிவிடுகிறது. எடுக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்ட வேண்டும், தண்ணீர் நன்றாக அடிக்க வேண்டும், சக்ஷன் பலமாக இழுக்க வேண்டும். அடைப்பைப் பொடியாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். உட்காரும் முன்பே இதையெல்லாம் கேளுங்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், அது பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கும் நல்லது.

புதிதாக வைப்பது என்றால் என் பேச்சு வேறு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சின்னக் குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்புக் கோளாறோ உள்ளவர்கள் இவர்களுக்கு அமால்கம் வேண்டாம். ஐரோப்பிய யூனியனில் 2018-லேயே 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் இருந்து மருத்துவத் தேவை இருந்தால் ஒழிய யாருக்குமே கிடையாது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கப் போட்ட மினமாட்டா ஒப்பந்தம் என்கிற உலக ஒப்பந்தத்தின் நாடுகள் 2034-க்குள் உலகம் முழுவதும் நிறுத்த ஒப்புக்கொண்டுள்ளன. நம் நாடு 2018-ல் அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்தது.

"பயோகம்பாட்டிபிள்", அதாவது உடம்புக்கு ஒத்துப்போகும் என்று போர்டு போட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். பல் நிறத்தில் வைத்து நீல லைட் அடிக்கிற காம்போசிட் பார்க்க அழகு. ஆனால் வைக்கிற இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், எச்சில் பட்டால் சீக்கிரம் கழன்றுவிடும். இறுகாத அந்தப் பசை தொடர்ந்து பட்டு விரல் தோல் வெடித்த உதவியாளர்களை எனக்குத் தெரியும். கிளாஸ் அயனோமர் சிமெண்ட் என்கிற இன்னொரு அடைப்பு ஃபுளோரைடைக் கசியவிடும். குழந்தைகளின் பால் பல்லுக்கு நல்லது, ஆனால் பலமாகக் கடிக்கிற இடத்தில் தேயும். அப்புறம், யாரும் கேட்காத விஷயம் நிக்கல். பல்லுக்கு மேல் மாட்டுகிற விலை குறைந்த உலோக கேப்புகளில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிற பெண்கள் கேப் வைக்கும் முன்பு அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதரசத்துக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுப்பது வாய்க்குள் இருப்பது அல்ல, வாயில் இருந்து துப்புவதுதான். செதுக்கிய துகளும் எடுத்த துண்டும் வாஷ்பேசினில் போய், சாக்கடையில் கலந்து, கடைசியில் எங்கே சேரும்? பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலையாகக் கிடந்ததையும் பார்த்தோம். இன்னொரு உலோகத்தையும் நாமே சேர்க்க வேண்டுமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையே இல்லை. மிச்ச அமால்கத்தை இறுக மூடிய பாட்டிலில், எக்ஸ்ரே கழுவிய பழைய ஃபிக்ஸர் திரவத்துக்குள் போட்டு வைக்கலாம். சில்வர் அடைப்போடு பிடுங்கிய பல்லை எரிக்கப் போகிற பையில் போடவே கூடாது, எரித்தால் பாதரசம் காற்றில் போய்விடும். சக்ஷன் குழாயில் துகளைப் பிடிக்கிற செப்பரேட்டர் வைக்கலாம். நான் இப்போது வேலை செய்கிற இடத்தில் பாட்டில் இருக்கிறது. செப்பரேட்டருக்காக டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பல் கிளினிக்குகளில் வேலை செய்கிற தங்கைகள் இதைப் படித்தால், உங்கள் இடத்தில் மிச்ச அமால்கத்தை எங்கே போடுகிறீர்கள், நிரம்பிய பாட்டிலை யார் வந்து எடுத்துப்போகிறார்கள் என்று எழுதுங்கள். கிளினிக் பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் டாக்டரிடம் காட்டப்போகிறேன்.