கொல்கத்தா: இசைத்தட்டு வாங்குமுன் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்

நியூ மார்க்கெட் பக்கம் இருக்கும் மிர்சா காலிப் தெருவை ஊர்க்காரர்கள் இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள். பழைய இசைத்தட்டுப் பிரியர்கள் தவறவிடக் கூடாத தெரு. 1928-இல் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் தொழிற்சாலை வந்த டம்டம் இந்த ஊரை ஒட்டித்தான். தமிழ் சினிமாப் பாட்டுத் தட்டுகளும் எத்தனையோ அங்கே அச்சானவை.

சின்னக் கடை, கூரை வரை எல்.பி.கள், அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகள். கடைக்கார தாதா (வங்காளிகள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மெல்லிய கீறல்கள் தெரிந்தன. ஆனால் கறுப்பு பளபளவென்று இருந்தது. போட்டுக் கேட்டால் அருமை! அடுத்ததில் கீறலே இல்லை; சத்தம் ஓங்கும் இடங்கள் மட்டும் சாம்பல் பூத்திருந்தன. அதில் பாடகியின் 'ஸ' எல்லாம் கரகரத்தது.

கீறலுக்குப் பயப்படுகிறோம், தேய்மானத்தைக் கவனிப்பதில்லை. மேலோட்டமான கீறல் பல நேரம் காதுக்கே எட்டாது. மழுங்கிய முள்ளும் அதன்மேல் அதிக எடையும் ஒலி பதிந்த பள்ளத்தின் சுவரையே அரித்துவிடும்; அது திரும்ப வராது. நடு ஓட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் மண்டியிருந்தால், நிறைய ஓடிய தட்டு. கேட்டு வாங்குவதானால் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். வெளிவிளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிள் அருகே 21 செ.மீ.தான் ஓடும். அதே ஒலி நெருக்கியடித்துக் கிடப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் கேட்கும்.

வாங்கியவற்றை வீட்டில் காய்ச்சி வடித்த நீரால், லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தேன். ஓடும்போது கேட்ட படபட சத்தம் பெருமளவு போய்விட்டது. அது வெறும் தூசி. கழுவியும் போகாத கரகரப்புதான் தேய்மானம். அப்புறம், பழைய காகித உறையை மாற்றி, தட்டுகளை நெட்டாக நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வளைந்துவிடும். முள்ளின் அழுத்தம் பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள்ளைத் தாங்கும் பாகம்) 2 கிராம் அளவில் போதும்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டும் வாங்கினால் ஒன்று: ஆல்கஹால் கலந்த திரவம் அதில் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதன் பள்ளம் அகலமானது, எல்.பி. முள்ளை வைக்காதீர்கள், தனி முள் வேண்டும்.