ஆயுத பூஜைக்கு முன்னும் பின்னும்

செப்டம்பர் 23, 2025, செவ்வாய்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்ந்துவிட்டேன். கடைசியாகக் குடித்தது நேற்று ராத்திரி. "முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா?" என்று டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார். வந்ததில்லை. இருந்தாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். வருஷக்கணக்கில் மூளையை அமுக்கியே வைத்திருந்த சரக்கு திடீரென்று நின்றால், நரம்பெல்லாம் ஒரேயடியாக முறுக்கேறுமாம். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 3, 4 நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

"மனசு வச்சா இன்னைக்கே விட்டுரலாம்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தினமும் குடிக்கிறவரை அப்படிச் சொல்லி வீட்டில் அடைத்துப் போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

செப்டம்பர் 24

டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் பாதிக் காபி சட்டையில். வியர்வை நிற்கவே இல்லை. நடுக்கத்தை அடக்க குளோர்டயஸிபாக்ஸைடு மாத்திரை தருகிறார்கள், போகப் போக அளவைக் குறைப்பார்களாம். கூடவே தயமின் ஊசி, அதாவது பி1 வைட்டமின். குடிக்கிற உடம்பில் அது வற்றிக் கிடக்கும். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கெடுதல் என்றார் நர்ஸ் அக்கா. எங்கள் பக்கம் யார் சோர்ந்து படுத்தாலும் முதலில் கேட்பது குளுக்கோஸைத்தான்!

செப்டம்பர் 26

நேற்று எழுதும் நிலையில் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி முழுக்கப் போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எறும்பாம். துணைக்கு இருந்த மகள் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை. "ஒண்ணும் இல்லப்பா, நானும் எடுக்கிறேன்" என்று அவளும் குனிந்து பொறுக்கினாள். ஊசி போட்டு, விடியும்போதுதான் அவர் கண் மூடினார். அவரைத் திட்டி வீட்டில் படுக்கப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செப்டம்பர் 29

வீட்டுக்கு வந்தாயிற்று. பசிக்கிறது, அதிலும் இனிப்புக்கு நாக்கு அலைகிறது. மாத்திரை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். சாயங்காலம் ஆறு மணியை நாமேதான் தாண்ட வேண்டும். வயிறு காய்ந்தால் ஆசை கூடும் என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இப்பவே சாப்பிட்டுருங்க" என்று ஐந்தரைக்கே சோற்றைப் போட்டுவிட்டாள். சாப்பிட்டதும் மச்சினன் பைக்கில் கூட்டிக்கொண்டு சுற்றினான், கடை இருக்கிற தெரு பக்கமே போகவில்லை. எட்டு மணிக்குத் திரும்பியபோது அந்த அரிப்பு அடங்கியிருந்தது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

அச்சகத்துக்குப் போனேன். மிஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். விரல் சொன்னபடி கேட்டது. இனி பிளேட் மாட்டலாம்.

பூசணிக்காய் உடைத்த கையோடு பேச்சு சரக்குக்குத் தாவியது. நாளைக்குக் காந்தி ஜெயந்தி, கடை கிடையாது, அதனால் இன்றைக்கே வாங்கி வைத்திருந்தார்கள். "மாப்ள, ஒரே ஒரு கட்டிங்." மாத்திரை இன்னும் முடியவில்லை, அதற்கு மேல் ஊற்றினால் மூச்சே நின்றுவிடும் என்றேன். வெறுமனே "வேண்டாம்" என்றால் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள், இதைக் கேட்டதும் விட்டுவிட்டார்கள். போர்மேன் அண்ணன் பொரிப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "நீ கெளம்புப்பா" என்று அனுப்பிவைத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அக்டோபர் 2

கடை பூட்டியிருந்தாலும் சரக்கு கிடைக்கும், ஊருக்கே தெரியும். அதனால் சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். குடியை விட்டவர்களே நடத்துவது, கட்டணம் கிடையாது. 1935இல் அமெரிக்காவில் குடியோடு போராடிய இரண்டு பேர் ஆரம்பித்ததாம். பல வருஷம் ஆன ஒருவர் போன் நம்பர் கொடுத்து, "குடிச்ச பிறகு இல்ல, குடிக்கணும்னு தோணுறப்ப கூப்பிடு" என்றார்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போக வேண்டும். ஈரல் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன் தரலாமா என்று சொல்வார். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், இலவசம். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.