பொன்னேரி ரயிலில் எழுதிய நோட்டு: அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து ஜாம் கணிதம்

ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. கணிதத் தாளில் அகில இந்திய அளவில் 412ஆவது இடம். போன வருடம் இதே தேர்வில் மூவாயிரத்துக்கும் பின்னால் இருந்தேன். காலையில் எழுந்ததும் ஸ்கோர் கார்டை ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் வேறு வேலை ஓடுகிறது.

தேர்வு முறை, பாடத்திட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும். சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு அரசுக் கலைக் கல்லூரிக்குத் தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வருகிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. நம் கல்லூரிகளைப் பற்றி வெளியே பேசுகிற பேச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

வீடு பொன்னேரியில். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். எனக்குக் கல்லூரியில் முதல் ஷிப்ட், அதாவது காலை வகுப்பு, அதனால் ஆறு மணிக்கெல்லாம் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷன் போய்ச்சேர ஒரு மணி நேரம். பேசின் பிரிட்ஜில் சிக்னல் விழவில்லையென்றால் இன்னும் கால் மணி. மூன்று வருட பி.எஸ்சி., இப்போது எம்.எஸ்சி. முதல் வருடம், எல்லாமே இதே தடத்தில்தான்.

நம்மைப் பற்றி நான் கேட்டவை: ரூட்டு தல (ஒரு பஸ் அல்லது ரயில் தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன்), கத்தி, பஸ் தினம் (மாணவர்கள் பஸ்மீது ஏறிக் கொண்டாடும் நாள்). அரை நாள் கல்லூரி, மீதி நேரம் ஊர்சுற்றல். வேறு எங்கும் சீட் கிடைக்காதவர்கள். இங்கிலீஷ் வராது. எங்கள் செட்டுக்குக் கூடுதலாக ஒன்று: கொரோனாவால் பத்தாவது தேர்வே எழுதாமல் பாஸானவர்கள்.

2019 ஜூனில் பஸ் தினத்தன்று கூரைமேல் உட்கார்ந்திருந்த மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த வீடியோ நினைவிருக்கும். அப்போது நான் பத்தாம் வகுப்பு. மூன்று வருடம் கழித்து எனக்கு அட்மிஷன் கிடைத்தபோது, சொந்தக்கார மாமா ஒருவர் அதே வீடியோவை என் அம்மாவிடம் காட்டி, "இங்கேயா சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டார். கல்லூரி தொடங்குவதற்கு முன்பே அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடிதடியே இல்லை என்று சொல்ல மாட்டேன். உயிர் போன சம்பவங்களும் நடந்திருக்கின்றன. எங்கள் வகுப்பில் அறுபது பேர். ரூட்டுச் சண்டை என்று போனவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் முதல் வருடத்தோடு நின்றுவிட்டான். மற்ற ஐம்பத்தேழு பேரைப் பற்றி யாரும் வீடியோ எடுக்கவில்லை. ரயில் பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடுகிறவன் ஒருவன் இருந்தான். பெட்டியில் இருக்கிறவர்கள் அவனைப் பார்த்து ஒதுங்கி உட்காருவார்கள். அவன் இரவு முழுக்கக் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவன். பாடுவதே தூங்கிவிடாமல் இருக்கத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். மதியத்துக்கு மேல் ஊர்சுற்றுவதாகச் சொல்லப்படும் நேரத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தி.நகர் துணிக்கடையிலோ, கேட்டரிங்கிலோ, உணவு டெலிவரியிலோ இருந்தார்கள். இரண்டு ஷிப்ட் முறை இருப்பதால்தான் அவர்களால் படிக்கவே முடிந்தது.

சரி, இதற்கும் ஜாமுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒரு வருடம் போனதே இதனால்தான்.

முதல் முறை எழுதியபோது ஒரு கோச்சிங் சென்டரில் டெமோ வகுப்புக்குப் போனேன். ஐடி கார்டைப் பார்த்த கவுன்சிலர், "நீங்க குரூப் ஃபோர் ட்ரை பண்ணலாமே" என்றார். அன்றைக்கு ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டவன் அப்புறம் கல்லூரி வாசலைத் தவிர எங்கும் அதை மாட்டவில்லை. அதைவிடப் பெரிய தவறு, வெளியே சொன்னதை நானே நம்பியது. "அங்க யாரு பாடம் நடத்துறாங்க" என்று ஊரே சொன்னதால், என் துறையில் போய் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. யூடியூபை மட்டும் பார்த்துத் தனியாகப் படித்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கக்கூடிய பத்துக் கேள்விகளில் எட்டு தவறு. இருபது மதிப்பெண்ணில் பதினாறு அப்படியே போனது.

இரண்டாம் முறை, தயங்கித் தயங்கி ஒரு கௌரவ விரிவுரையாளர் மேடத்திடம் அந்தக் கேள்விகளைக் காட்டினேன். அவர் பத்தையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வாக்கியம் தப்புன்னா, அதை உடைக்கிற உதாரணம் ஒண்ணு சொல்லு." எனக்கு ஒன்றுகூட வரவில்லை. தேற்றங்கள் மனப்பாடம், அவற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பது தெரியாது. மறுநாளிலிருந்து முதல் ஷிப்ட் முடிந்து இரண்டாம் ஷிப்ட் தொடங்கும் இடைவெளியில் தினமும் அரை மணி நேரம் எனக்காக உட்கார்ந்தார். அவருடைய சாப்பாட்டு நேரம் அது.

அப்படித் தொடங்கியதுதான் கவுண்டர் எக்ஸாம்பிள் நோட்டு. என்னுடைய 412க்கு வேறு ரகசியம் கிடையாது. இடது பக்கத்தில் உண்மை போலத் தோன்றும் ஒரு வாக்கியம், வலது பக்கத்தில் அதை உடைக்கும் உதாரணம். உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்கினால் தொடர் ஒருங்குமா, அதாவது அதன் கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிற்குமா? 1 + 1/2 + 1/3 என்று போகிற தொடர் ஒருங்காது. ஒரு குரூப்பின் (குலத்தின்) உறுப்பு எண்ணிக்கையை வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த அளவில் ஒரு சப்குரூப், அதாவது உள்ளே அடங்கும் சிறு குரூப், இருக்குமா? ஏ4 குரூப்பில் 12 உறுப்புகள் உண்டு, ஆனால் 6 உறுப்புள்ள சப்குரூப் கிடையாது. தொடர்ச்சியான சார்பை எல்லா இடத்திலும் வகையிட முடியுமா? மட்டுச் சார்பை பூஜ்யத்தில் வகையிட முடியாது. ஆறு மாதத்தில் 230 பதிவுகள் சேர்ந்தன. எல்லாமே ரயிலில் எழுதியவை. கணக்குப் போட மேசை வேண்டும், இதற்கு ஒரு ஜன்னலோரமே போதும்.

இந்த நோட்டு எழுதும்போது அடிக்கடி ஒன்று தோன்றும். கணிதத்தில் "எல்லாரும் இப்படித்தான்" என்கிற வாக்கியத்தை உடைக்க ஒரே உதாரணம் போதும். மனிதர்களிடம் அது நடப்பதில்லை. ரிசல்ட் வந்த அன்று அதே மாமா போன் செய்து, "அந்தக் காலேஜ்ல நீ ஒரு விதிவிலக்குடா" என்றார். வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்னை மட்டும் வெளியே எடுத்துவிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு வலித்தது. நான் விதிவிலக்கு இல்லை மாமா, எனக்கு ஒரு மேடம் கிடைத்தார், கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவனுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

இனி சுருக்கமாக.

- துறைக்குள் போய்க் கேளுங்கள். நான்கு பேர் விரட்டினாலும் ஐந்தாமவரிடம் கேளுங்கள். இதை ஒரு வருடம் தள்ளிப்போட்டதுதான் என் முழு நஷ்டம்.
- நெகட்டிவ் மார்க் இல்லாத எண் விடைப் பகுதியை முதலில் முடித்தேன். பிறகு பல விடைப் பகுதி, கடைசியில் ஒற்றை விடை. பதற்றக்காரனான எனக்கு இது பொருந்தியது. நிதானமானவர்களுக்கு எந்த வரிசையும் சரிதான்.
- பல விடைக் கேள்வியில் பாதி மதிப்பெண் கிடையாது. நான்கு விருப்பங்களையும் தனித்தனியாக உடைக்கப் பாருங்கள்.
- காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் நம் பி.எஸ்சி. பாடத்தில் உண்டு, ஜாமில் இல்லை. செமஸ்டர் பயத்தில் அதிலேயே மூழ்காதீர்கள்.
- தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அணி, குலம், தொடர் என்று தெரிந்ததை மறக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல், எதிரே ஆங்கிலச் சொல் என்று எழுதி ஒட்டினால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.
- தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். என் முதல் விண்ணப்பக் கட்டணம் அந்தப் பணம்தான்.
- பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் கவனிக்க: நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் ஐஐடி சேர்க்கைக்குச் செல்லாது. கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வராதவர் என்று மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் அறிவிப்பில் பாருங்கள். இ-சேவையில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், என்னைப் போல ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள். நாளைக் காலை தாலுகா ஆபீசுக்குப் போகிறேன், ஐடி கார்டை மாட்டிக்கொண்டு.