கருமணலுக்கு மேலே நிற்கும் காற்று

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மாலையில் சற்று நேரம் நின்றாலே மூக்குக்கண்ணாடியில் உப்பு ஈரம் படிந்துவிடும். அதைத் துடைக்கும்போதெல்லாம் காலடியிலுள்ள கருமணலைப் பற்றிய ஒரு கேள்வி எனக்கு எழும். இம்மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அதன் சிதைவு வரிசையில் பிறக்கும் தோரான் வாயு மணலிலிருந்து காற்றில் கலந்து, ஒரு நிமிடத்துக்குள் பாதியாகச் சிதைகிறது. அவ்வாறு சிதையும் ஒவ்வோர் அணுவும் உமிழும் ஆல்ஃபா துகள், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அயனி இணைகளை, அதாவது நேர், எதிர் மின்னூட்டம் கொண்ட துகள் இணைகளை, உண்டாக்குகிறது. அயனியின் மேல் நீராவி துளியாகும் என்று கல்லூரியில் படித்தோமே, அப்படியானால் எங்கள் கரையில் ஏன் மூடுபனி திரளவில்லை?

படித்தது பொய்யன்று. மிகச் சிறிய துளியின் மேற்பரப்பு கடுமையாக வளைந்திருப்பதால், நீர் மூலக்கூறுகள் அதிலிருந்து எளிதில் தப்பிவிடுகின்றன. துளி வளர்வதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. நடுவில் ஒரு மின்னூட்டம் இருந்தால் அது மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்து, அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது. 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்கள் மீது ஒளிவளையங்களைக் கண்ட இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க விரும்பி, தூசி நீக்கிய ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்து குளிர்வித்தார். தெவிட்டு நிலையைப் போல (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கும் நீராவியின் முழு அளவு) ஏறத்தாழ 4 மடங்கு நீராவி இருந்தபோது எதிர் அயனிகளின் மேலும், ஏறத்தாழ 6 மடங்கு இருந்தபோது நேர் அயனிகளின் மேலும் துளிகள் தோன்றின. (குறி மாறினால் கணக்கும் மாறுவது எனக்கு இன்றும் வியப்புதான்.) அவருக்கு 1927-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, அணுத்துகள்களின் தடத்தைத் துளிகளாகக் காட்டும் முகில் அறை இதிலிருந்தே வளர்ந்தது.

என் கேள்விக்கான விடை அந்த 4 மடங்கில்தான் இருக்கிறது. இயற்கையான மேகத்தில் நீராவி தெவிட்டு நிலையை 1 விழுக்காடு தாண்டுவதே அரிது. அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துகளோ, ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போதே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடுகிறது. உப்பு முந்திக்கொள்ளும் காற்றில் அயனிக்கு முறையே வருவதில்லை; அது பெரும்பாலும் அத்துகள்களிலேயே ஒட்டிக்கொள்கிறது.

மின்னூட்டத்தின் வேலை, துளிகள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் வெளிப்படுகிறது. மோதும் இரு துளிகளுக்கு இடையே மெல்லிய காற்றுப்படலம் சிக்குவதால் அவை பல சமயம் இணையாமல் விலகுகின்றன. சிறிதளவு மின்னூட்டம் அந்தத் தடையை உடைத்துவிடுகிறது. இதை 1879-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி ஒரு நீரூற்றில் காட்டினார். தோட்டத்துக் குழாயின் முனையில் மெல்லிய துளையிட்டு, தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பை அருகே பிடித்து நானும் முயன்றேன். ஐப்பசி ஈரத்தில் சீப்பில் மின்னூட்டம் நிற்கவே இல்லை. மாசி மாதத்து நண்பகலில், பூவாகச் சிதறிக்கொண்டிருந்த தாரை சட்டென்று ஒடுங்கி, பெருந்துளிகளாக விழுந்தது.