செவலை: 45 நாள் குட்டி முதல் இரண்டு வயது வரை

கோம்பை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை போட்டு எழுதி வைத்த கணக்கு இது. நாங்கள் இருப்பது கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், கேரளத்துப் பக்கம். சொந்தமாக மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து செடியைக் கிளறிப் போட்டுவிடும். விடிந்தால் கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலையாட்கள் ஏறி வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். பன்றியைக் கண்டு பின்வாங்காத நாய் வேண்டும், அது ஆட்கள் மேல் வாய் வைக்கவும் கூடாது. இதை மனதில் வைத்துத்தான் குட்டி தேடினேன்.

மலையிறங்கினால் கோம்பை பக்கம்தான். உத்தமபாளையம் தாலுகாவில் மலையடிவாரத்து ஊர், அந்த ஊர்ப் பெயரே இந்த நாய்க்கும். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பையையும் சொன்னார். ராஜபாளையம் உயரமான வெள்ளை நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒடிசலான ஓட்டக்காரர்கள். கோம்பை அப்படியில்லை. நெஞ்சு அகலம், கழுத்துத் தடிப்பு, தாடை வலு. செவலை நிறம், மூஞ்சியில் மட்டும் கரி பூசினது போலக் கறுப்பு.

குட்டி கொடுத்த பெரியவர் வீட்டில் ஐந்து குட்டிகள். நான் குட்டிகளைவிடத் தாயைத்தான் அதிக நேரம் பார்த்தேன். எங்களைக் கண்டதும் உறுமியது. பெரியவர் அதன் முதுகில் கையை வைத்து "போதும்" என்றதும் படுத்துக்கொண்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. கிளம்பும்போது பெரியவர் சொன்னதை அன்று ராத்திரியே நோட்டில் எழுதி வைத்தேன்: "எலும்பு முதல்ல நிக்கட்டும்ப்பா. சதை அதுபாட்டுக்குத் தன்னால ஏறும். அவசரப்பட்டு ஏத்தாதே."

கார்த்திகை, 45வது நாள்

3.2 கிலோ. பச்சை ஏலக்காய் நிறுக்கும் தொங்கு தராசில் சாக்கைக் கட்டி, அதற்குள் உட்கார வைத்து நிறுத்தேன். சாக்குக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. கறுப்பு மூஞ்சி, மடிந்த காது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம். பெயர் செவலை என்று வைத்தோம். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் வீட்டுப் பிள்ளைகள் அதை "பட்டிக்குட்டி" என்று கூப்பிடுவார்கள். நமக்குப் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி. அவர்களுக்கு நாயே பட்டிதான்.

முதல் வாரமே மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தடுப்பூசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு மாதம் நிறையும் வரை திரும்பப் போட்டார்கள். வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். இதில் ஒரு தேதியைக் கூட நான் தள்ளிப் போடவில்லை. பார்வோ என்கிற வைரஸ் கழிச்சல் வந்து இரண்டே நாளில் செத்துப் போன குட்டியை எங்கள் லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

மார்கழி, தை

ஆட்களோடு பழக்க வேண்டிய காலம் இதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14வது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்கிறதோ அதையெல்லாம் உலகத்தில் இருக்கிற சாதாரண சங்கதி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு பார்க்கிற புதுசு எல்லாம் சந்தேகத்துக்குரியது. தடுப்பூசி முடியாத குட்டி என்பதால் மற்ற நாய்கள் திரிகிற இடத்தில் கீழே இறக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டே டீக்கடைக்கும் செக்போஸ்ட் பக்கமும் போனேன். காலையில் ஜீப் வந்து நின்றதும் இறங்குகிற ஒவ்வொரு அக்காவும் அதைத் தொட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். ஒரு மாதத்தில் ஜீப் ஹாரன் கேட்டாலே வாலாட்ட ஆரம்பித்தது.

மூன்று மாதத்தில் 7.4 கிலோ.

நான்காம் மாதம்

10.5 கிலோ. மாட்டுக்கொட்டகைப் பக்கம் கோணியில் அரிசி போல ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முன்பல். உள்ளே கூடாக, வேர் கரைந்துபோய், நகத்தால் அழுத்தினால் நொறுங்கும் போல இருந்தது. குட்டிக்குப் பால்பல் 28, வளர்ந்த நாய்க்கு 42. இந்த மாற்றம் ஏழு மாதம் வரை இழுத்தது. அந்த நாட்களில் ஈறு தடித்துச் சிவந்திருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். என் கம்பூட்ஸ் ஒரு ஜோடி போனது. பழந்துணியை முடிச்சுப் போட்டு, நனைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். அது நன்றாக வேலை செய்தது. வேகவைத்த எலும்பு மட்டும் கொடுக்கவே இல்லை. அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் தவறு செய்ததும் இங்கேதான். "கோம்பையா? கால்சியம் டானிக் ஊற்றுங்க, காலு கம்பம் மாதிரி நிக்கும்" என்று தீனி வாங்கின கடையில் சொன்னார்கள். நானும் மூன்று வாரம் ஊற்றினேன். அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டுவிட்டு, அன்றே நிறுத்தச் சொன்னார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, வேண்டிய சுண்ணாம்புச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே ஏறிவிடும். ஏறினால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரக்கூடும். பெரிய உடம்புக் குட்டிகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். குட்டிகளுக்கான கடைத் தீனியில் அது அளவாகச் சேர்த்தே வருகிறது, அதற்கு மேல் டானிக் வேண்டாம். வெறும் சோறும் கறியும் என்றால் கணக்கு வேறு, அப்போது அது போதாமல் போகும் என்றும் சொன்னார்.

அதிலிருந்து பாதி கடைத் தீனி, பாதி வீட்டுச் சாப்பாடு. சோறு, கோழிக்கறி, வாரம் இரண்டு நாள் ஈரல், முட்டை, பரங்கிக்காய், கொஞ்சம் தயிர். ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. வெங்காயம் சேர்ந்த குழம்பு கிடையாது. திராட்சையும் கிடையாது. கம்பத்திலிருந்து வருகிறவர்கள் பன்னீர் திராட்சை இல்லாமல் வரமாட்டார்கள். அது நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித் தடுத்தேன்.

தீனி அதிகமா குறைவா என்பதைத் தராசு சொல்லாது, கைதான் சொல்லும். விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. வளரும் குட்டி கொழுக்கக் கூடாது. அந்தப் பாரத்தைத் தாங்குகிற மூட்டு இன்னும் குருத்து.

ஏழாம் மாதம்

17.6 கிலோ. பார்க்க ரொம்பச் சுமாராக இருந்தது. கால் நீளம், நெஞ்சு ஒடுக்கம், இடுப்பு முன்பக்கத்தைவிட ஓரிரு விரல் தூக்கல். வந்தவர்கள் எல்லாம் "இது கோம்பைதானா?" என்றார்கள். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது, பெரியவருக்குப் போன் போட்டேன். "இப்ப அப்படித்தான் இருக்கும், பொறு" என்றார்.

மே மாதம் ஒரு காலையில் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. முள் இல்லை, வீக்கம் இல்லை. நான்கு நாளில் அது சரியாகி இடது கால் நொண்டியது. டாக்டரம்மா மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், செவலை சும்மா இருந்தது. அப்புறம் மேற்காலின் நீண்ட எலும்பின் நடுவில் விரலால் அழுத்தினார். கத்திவிட்டது. வளர்கிற வயதில் வருகிற எலும்பு வலி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும், வளர்ந்ததும் நின்றுவிடும் என்றார். ஓய்வும் அவர் எழுதின மருந்தும் மட்டும்தான். நமக்குப் போடுகிற வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு மாதத்தில் விட்டது.

அதுவரை அதை ஜீப் பின்னால் ஓடவிட்டதில்லை, மேட்டில் இழுத்துக்கொண்டு ஏறியதும் இல்லை. எலும்பின் முனையில் இருக்கிற குருத்துதான் வளர்கிற இடம். அது மூடி இறுக ஒரு வயதை ஒட்டி ஆகும். அதற்குள் அடிபட்டால் கால் கோணிவிடும். தானாக விளையாடுவதை நான் தடுக்கவில்லை. கட்டாயப்படுத்தி ஓட்டுவதைத்தான் செய்யவில்லை.

எட்டாம் மாதம், மழை

இந்த மாதம் எனக்குக் கிடைத்த பாடம், முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது. ஜூனில் மழை பிடித்ததும் அக்காக்கள் தலையோடு பிளாஸ்டிக் கொங்காணி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். தினமும் தடவிக் கொடுக்கிற அக்காதான், முகம் மறைந்திருந்ததால் செவலைக்கு அடையாளம் தெரியவில்லை. முதுகு முடி சிலிர்த்து, தலையைத் தாழ்த்தி, சத்தமே இல்லாமல் அவரை நோக்கிப் போனது. கயிறு என் கையில் இருந்தது, தப்பித்தோம். குட்டியாக இருந்தது மார்கழி, தையில். அப்போது மழை இல்லை, கொங்காணியும் இல்லை. பார்க்கவே பார்க்காத உருவம் அது.

மறுநாளிலிருந்து அந்த அக்கா நான் கேட்டபடி செய்தார். தள்ளி நின்று கொங்காணியை இறக்கிவிட்டு, "செவலை, நான்தாண்டா" என்று கூப்பிட்டு, ஒரு துண்டு ஈரல் போடுவார். பிறகு பாதி போட்டுக்கொண்டு, பிறகு முழுசாக. மூன்று வாரம் ஆனது. அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த குட்டி எந்த மாதத்தில் வந்தாலும், குடை, கொங்காணி, மருந்தடிக்கிறவர் முகமூடி எல்லாவற்றையும் முதல் இரண்டு மாதத்துக்குள் காட்டிவிடுவேன்.

மழையோடு அட்டையும் வந்தது. தினமும் சாயங்காலம் விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு எல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தேன். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. தோட்டத்தில் மருந்தடிக்கிற நாளில் செவலை வீட்டோடு.

பத்து மாதத்துக்கு அப்புறம்

தோள் உயரம் 60 செ.மீ. வந்து நின்றது. பத்தாம் மாதம் எழுதின எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வளர்ந்தது எல்லாம் அகலம். நெஞ்சுச் சுற்றளவு பத்து மாதத்தில் 62, ஒன்றரை வயதில் 69, இரண்டு வயதில் 72. எடை ஒரு வயதில் 22.5, ஒன்றரை வயதில் 25, இப்போது 26.3. தீனியை நான் கூட்டவே இல்லை, சொல்லப்போனால் ஒரு வயதுக்கு மேல் கொஞ்சம் குறைத்தேன். ஒரு வயது தாண்டியதும் மேட்டில் கூட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன், முதலில் 10 நிமிடம், இப்போது முக்கால் மணி நேரம். 14 மாதத்தில் தொடையில் ஒரு வரி விழுந்தது. வெயில் பக்கவாட்டில் பட்டால் தெரியும். அப்புறம் தோள், கடைசியாகக் கழுத்து. தலையும் அகன்று, கறுப்பு மூஞ்சிக்குக் கீழே தாடைச் சதை உருண்டது. பெரியவர் சொன்ன வரிசையேதான்.

குரலும் அப்படித்தான் வந்தது. பத்து மாதம் வரை எதற்கெடுத்தாலும் குரைத்தது. இப்போது ராத்திரி வேலியோரம் பன்றி வந்தால் மட்டும் அடிவயிற்றிலிருந்து இரண்டு குரல். வேலிக்கு வெளியே நான் விடுவதில்லை, விட வேண்டிய தேவையும் இல்லை. அந்தச் சத்தத்துக்கே பன்றி திரும்பிவிடுகிறது. இந்தக் காய் எடுப்பில் கீழ்ப்பக்கச் செடி ஒன்றும் கிளறப்படவில்லை.

சாக்கில் போட்டு நிறுப்பது ஐந்தாம் மாதமே முடியாமல் போனது. இப்போது ஸ்டோரில் இருக்கிற மேடைத் தராசில் தானாக ஏறி உட்காருகிறது. போன ஞாயிறும் 26.3. கழுத்துப்பட்டையில் மூன்று மாதமாக அதே துளைதான்.