ஐந்தரை அடிக் கம்பும் மூன்றடிப் பெட்டியும்

போன வியாழக்கிழமை ஐந்தரை அடிச் சிலம்பக் கம்பு ஒன்று மூன்றடிப் பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெட்டியைக் கையில் வாங்கியபோதே எனக்குச் சந்தேகம். "தம்பி, இது எங்களுடையதுதானா?" என்று கேட்டேன். "பெயர் உங்களுடையதுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். இவர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் குறைவது குழந்தை பிறந்தால் அல்லது யாராவது காலமானால்தான். சின்னவள் சீருடையைக்கூட மாற்றாமல் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிரித்தோம். உள்ளே கம்பு இருந்தது. நல்ல கம்பு. நடுவில் ரம்பம் போட்டு இரண்டாக அறுத்து, சிலாம்பு கையில் ஏறாதபடி அறுத்த இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, இரண்டு துண்டையும் சணலால் கட்டி, மேலே "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று ஒரு சீட்டும் வைத்திருந்தார்கள். அந்த உப்புத்தாள் வேலையைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அறியாமல் செய்தவன் அப்படித் தேய்க்க மாட்டான்.

தொலைபேசியில் பேசிய பெண்ணுக்குப் பொறுமை அதிகம். நீளமான பொருளை கூரியரில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அப்படி அனுப்பியிருப்பார்கள் என்றாள். "நான் கேட்டது ஐந்தரை அடி அம்மா" என்றேன். "இரண்டையும் கூட்டிப் பாருங்கள் மேடம், ஐந்தரை அடி சரியாக இருக்கும்" என்றாள். கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், பொருள் உடையாத நிலையில் இருக்க வேண்டுமாம்.

இவ்வளவுக்கும் இது நாங்கள் வாங்கிய மூன்றாவது கம்பு.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நம் மாநிலத்தில் நடந்தபோது சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள் அல்லவா, அதிலிருந்து எங்கள் தெருவில் கம்பு சுற்றாத பிள்ளை இல்லை. இவருக்கு வேறு கணக்கு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு, அதில் சிலம்பமும் உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அன்றிரவே மனத்துக்குள் பணி ஓய்வு வரை போட்டுவிட்டார். ஆனால் கம்பு வாங்க மட்டும் நான்தான் போக வேண்டும்.

சிலம்பம் சொல்லித்தருகிற மாஸ்டர் சொன்ன அளவு எளிமையானது. வெறுங்காலில் நின்றால் கம்பு நெற்றியைத் தொட வேண்டும். பெரியவர்களுக்கு அது ஐந்தரை அடி சுமாராக வரும். சின்னவளுக்கு நாலே கால் போதும். நான் பள்ளிச் சீருடை எடுக்கிற நினைப்பில், வளர்கிற பிள்ளையாயிற்றே என்று எல்லாவற்றையும் ஐந்தரையாகவே வாங்கினேன். இந்த ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கம்பு மதுரை யானைக்கல் பக்கம் ஏணியும் சாரக்கட்டையும் விற்கிற ஒரு மூங்கில் கடையில் வாங்கியது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சிலம்பத்துக்கு என்றேன். "எல்லாம் ஒரே மூங்கில்தான்" என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். நகரப் பேருந்தில் 2021 முதல் நமக்கு இலவசம் அல்லவா. நடத்துநர் என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், "உங்களுக்கு டிக்கெட் இல்லை, இதற்கு உண்டு" என்றார். "இதுவும் பெண் பிள்ளையுடையதுதான்" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். கூட்டத்தில் கம்பை நட்டுக்கு நிறுத்தி வைத்திருந்தேன். பின்னால் நின்ற ஒரு பெரியவர் அதைப் பேருந்தின் கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கும்போது அவரும் சேர்ந்து இறங்க வேண்டியதாயிற்று.

மாஸ்டர் அதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி பார்ப்பது போல் நீளவாக்கில் பார்த்தார். பிறகு சிமென்ட் தரையில் போட்டார். டொக் என்று ஒரு செத்த ஓசை. "சாரம் கட்டுகிற மூங்கில் அக்கா. உள்ளே வெறும் காற்று. ஒரு வீச்சுக்குக் கீறிவிடும், கீறினால் கையைக் கிழிக்கும்" என்றார். கணு நெருக்கமாக, உள்ளே கெட்டியாக இருக்கிற கல் மூங்கில் வேண்டுமாம், இல்லாவிட்டால் பிரம்பாம். அந்தக் கம்பின் நுனியில் அத்தை ஓர் அரிவாளைக் கட்டித் தொரட்டியாக்கிவிட்டார். முருங்கைக்காய் பறிக்க அதைப் போல் வராது என்கிறார்.

இரண்டாவது, விளையாட்டுச் சாமான் கடையில். ஃபைபர் என்றார் விற்பனையாளர். சிவப்பும் பொன்னிறமுமாகப் பளபளவென்று ஒட்டுத்தாள் சுற்றி, விலையும் அதற்கேற்றபடி பளபளப்பாக இருந்தது. சின்னவள் இரண்டே நாளில் சுற்றிச் சுற்றி ஒட்டுத்தாள் உரிந்தபோது உள்ளிருந்து வெள்ளைத் தண்ணீர்க் குழாய் எட்டிப் பார்த்தது. அதன்மேல் குழாய்க்காரர் போடுகிற அளவுக்குறிகூட அழியவில்லை. இப்போது மொட்டைமாடியில் அத்தையின் சேலைகள் அதில் காய்கின்றன.

பிறகுதான் இவர் இணையத்தில் இறங்கினார். கம்பு என்று தேடினால் முதலில் வந்தது ஒரு கிலோ கம்பு. அடுத்து கம்பு மாவு, கம்பு அவல், கம்பு நூடுல்ஸ். சிலம்பக் கம்பு என்று தட்டியதும் கடை திறந்துகொண்டது. விளக்கு எரிகிற கம்பு, பந்தம் கட்டுகிற கம்பு, சுருள்வாள், மடுவு. மான்கொம்பில் செய்வார்களே, அதுதான் மடுவு. படத்தில் நிஜக் கொம்பு மாதிரியே இருந்ததால் இவருக்கு வியர்த்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து நிஜக் கொம்பைத் தொட முடியாது, இப்போது செய்வதெல்லாம் இரும்பிலும் மரத்திலும்தான் என்று மாஸ்டர் சொல்லும்வரை, படத்தைப் பார்த்ததற்கே வனத்துறை வரும் என்று பயந்துகொண்டிருந்தார். சுருள்வாளுக்கு நான் பயந்தேன். கம்பைத் தேர்ந்தெடுத்ததும், இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று சுருண்டு கிடக்கிற வாள் ஒன்றைக் காட்டியது. பிள்ளை பக்கத்தில் நின்று, "அம்மா, சேர்த்து வாங்கினால் குறைச்சலாம்" என்கிறாள். காய்கறிக்கடையில் கறிவேப்பிலை கேட்கிற குரலில்.

ஆக, வியாழக்கிழமை, இரண்டு துண்டு. மாஸ்டர் அவற்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "நல்ல மூங்கில். இரட்டைக் கம்புக்கு ஆகும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனால் பாப்பா இரட்டைக் கம்புக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆகும்" என்றார். பிறகு சர்வ சாதாரணமாக, நத்தம் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், எங்கள் வாத்தியார் காலத்திலிருந்து அவரிடம்தான் எடுக்கிறோம் என்றார்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"நீங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றீர்கள் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை போனோம். கடையும் இல்லை, பலகையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதர், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலைந்து ஆடு. சும்மா இருக்க முடியாமல் இவர் பெரியவருக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்: 1927 வனச் சட்டத்தில் மூங்கிலை மரம் என்று வைத்திருந்தார்கள், 2017இல்தான் சட்டத்தைத் திருத்திக் காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், தாவரவியல்படி அது புல் இனம் என்று. பெரியவர் முழுவதையும் கேட்டார். "என் ஆட்டுக்கு அது எப்போதோ தெரியும் தம்பி" என்றார்.

கம்பு கையில் தயாராக இல்லை. தேய்பிறையில் வெட்டித் தொட்டியில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அனல் காட்டிக் கோணல் நிமிர்த்தி, எண்ணெய் தடவித்தான் தருவாராம். அப்போதுதான் புழு அடிக்காதாம். பிறைக் கணக்கில் நான் தலையிடவில்லை. ஆனால் ஊறப்போடுவதில் விஷயம் இருக்கிறது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துவிட்டால் வண்டுக்குச் சாப்பாடு கிடையாது. "எப்போது ஐயா கிடைக்கும்?" என்றேன். "தை பிறக்கட்டும் தாயி" என்றார். சின்னவளுக்குப் போட்டி மார்கழியில், அரையாண்டு விடுமுறையில். அதுவரை மாஸ்டரின் பழைய கம்புதான். மூன்று கம்புக்குக் கொடுத்த பணத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரியவர் சின்னவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தினார். ஒரு சணல் கயிற்றைக் காலடியிலிருந்து நெற்றிவரை பிடித்தார். முடிச்சுப் போடப் போனவர் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அப்படியொன்றும் உயரம் இல்லை. அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம். பிறகு இவரைப் பார்த்தார், கொஞ்சம் தெளிந்தார். நாலு விரல்கடை தள்ளி முடிச்சுப் போட்டார். "தைக்குள் பிள்ளை வளர்ந்துவிடும் இல்லையா" என்றார். சுவரில் ஓர் ஆணி. அதில் ஏற்கெனவே இருபது முப்பது கயிறு தொங்குகிறது, எல்லாம் வேறு வேறு உயரம். எங்களுடையதையும் அதில் மாட்டினார். முன்பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

வரும் வழியெல்லாம் இவருக்கு நிலைகொள்ளவில்லை. ரசீது இல்லை, எண் இல்லை, பொருள் எங்கே வருகிறது என்று பார்க்கவும் வழியில்லை. "ஆர்டர் உறுதியானதா இல்லையா?" என்று மேலூர் ரோடு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டியாயிற்று" என்றேன்.

அறுபட்ட இரண்டு துண்டும் இப்போது ரோஜாத் தொட்டியில் முட்டுக்கு நிற்கின்றன. அத்தைக்குத் திருப்தி. அடுத்த கம்பு எப்படி வந்தாலும் தனக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்க்கிறார். சின்னவள்தான் பிரச்சினை. நாலு விரல்தான் கணக்கு, அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் கம்பு நெற்றிக்கு எட்டாது என்று திங்கட்கிழமையிலிருந்து பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை கதவு நிலையில் நின்று அளந்துகொள்கிறாள். இன்று காலையில் டம்ளரோடு பின்னாலேயே ஓடிய அத்தையிடம், "தை வரைக்கும்தான் அப்பத்தா" என்று சமாதானம் சொன்னாள்.